ஒன்பதாம் எண் குடல்

“மேடம், கேட்டுல ஒரு அம்மா வந்திருக்காங்க. அவங்க வயிறு நம்மகிட்ட இருக்காம். வாங்காமப் போகமாட்டேன்னு நிக்காங்க.”

காவலாளி போனில் இதைச் சிரிக்காமல் சொன்னார். உலகம்மையும் சிரிக்கவில்லை. பன்னிரண்டு பேருடைய வயிறு அவளிடம் இருந்தது உண்மைதான். ஏழு வருடமாக அவற்றுக்கு வேளை தவறாமல் சாப்பாடு போடுவதுதான் அவள் வேலை. ஆனால் அவற்றில் ஒன்றைத் திருப்பிக் கேட்டு யாராவது வாசலில் வந்து நிற்பார்கள் என்று மட்டும் அவள் நினைத்துப் பார்த்ததில்லை.

கங்கைகொண்டான் தொழிற்பேட்டையில் ‘தழைவு’ என்ற நிறுவனத்தின் செரிமான ஆய்வகம் அது. அங்கிருந்த குடல்கள் எல்லாம் கண்ணாடி. முதலில் இரைப்பை என்று அமிலம் நிரப்பிய ஒரு குடுவை. அடுத்து சிறுகுடல் என்று பித்தநீர் ஓடும் ஒரு நீண்ட குழாய். கடைசியில் பெருங்குடல் என்று கறுப்புத் துணி போர்த்திய ஒரு ஜாடி. அதற்குள் காற்றும் வெளிச்சமும் புகாது. சூடு முப்பத்தேழு டிகிரியை விட்டு அசையாது. உயிர் இருந்தது அந்த ஜாடியில்தான். என்றோ ஒருவர் கொடுத்த மலத்திலிருந்து எடுத்த நுண்ணுயிர்கள், அவர் வயிற்றில் எப்படி இருந்தனவோ அப்படியே, அதே கூட்டமாக, அதே சண்டை சமாதானங்களோடு வாழ்ந்துகொண்டிருந்தன. உடம்பை விட்டு வந்த கூட்டம் கலையாமல் வருடக்கணக்கில் பிழைத்திருப்பது முன்பு நடக்காத காரியம். 2058இல் அது உலகம்மைக்குக் கைவந்த வித்தை.

நாற்பது ஜாடிகளோடு தொடங்கியவள் அவள். பயன் தராதவற்றை நிறுத்தி நிறுத்திக் கடைசியில் மிஞ்சியவை பன்னிரண்டு. அந்தப் பன்னிரண்டில் ராஜா ஒன்பதாம் எண். பனங்கிழங்கின் நாரைக் கொடுத்தால் மற்றவை தின்றுவிட்டு வெறும் வாயுவை விடும். ஒன்பது மட்டும் நாரோடு ஒட்டியிருக்கும் கசப்புப் பொருளைப் பிரித்து, அதை வேறொன்றாக மாற்றித் தரும். அந்த வேறொன்றுதான் தளர்ந்த கால்களுக்குத் தெம்பு கொடுத்தது. மருந்துக்கடைகளில் ஜனங்கள் அதை நடைமாத்திரை என்று சொல்லி வாங்கினார்கள்.

உலகம்மை வரவேற்பறைக்குப் போனபோது அந்த அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஐம்பதைத் தாண்டிய வயது. ஆறடிக்குக் கொஞ்சம் குறைந்த உயரம். அகலமான தோள்கள் மட்டும் அப்படியே இருக்க, மற்றதெல்லாம் உள்ளே போய்விட்டிருந்தது. விளையாட்டு உடுப்பு காற்றடித்தால் பறந்துவிடும்போல் தொங்கியது.

“எம்பேரு சேர்மக்கனி. உடன்குடி பக்கம் வேப்பங்காட்டுவிளை. பொம்பளப் பிள்ளைக ஸ்கூல்ல கபடி கோச். எந்திரிக்கலன்னு தப்பா நெனைக்காதீங்க, எந்திரிச்சா கண்ணு இருட்டுது.”

“இருங்கக்கா, நான் உக்காருதேன்.” உலகம்மை எதிரில் அமர்ந்தாள். “என்ன ஆச்சு உங்களுக்கு?”

“போன ஆடியில குடல்வால் வெடிச்சிருச்சு. மூணு மாசம் ஆஸ்பத்திரி. உசிரக் காப்பாத்திட்டாங்க, அவங்களக் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா அந்த ஊசியும் மருந்தும் போனதுக்குப் பொறவு என் வயிறு எதையும் சேக்க மாட்டேங்குது. கஞ்சியத் தவிர எது உள்ள போனாலும் பலூன் மாதிரி ஊதிக்கிடுது, அடுத்த நிமிஷம் ஓட்டம். பத்தொம்பது கிலோ போச்சு. கருவாட்டுக் கொழம்பு வாசன வந்தா எந்திரிச்சு வெளிய போயிருதேன். ஆசையினால இல்ல, பயத்துல.”

“டாக்டர் என்ன சொன்னாங்க?”

“வயித்துல இருந்த நல்ல கிருமியெல்லாம் மருந்துல அழிஞ்சு போச்சாம். சில பேருக்கு அதுவாத் திரும்பி வருமாம். எனக்கு வரலையாம். பழைய கிருமி எங்கயாவது இருந்தா உண்டு, இல்லன்னா இப்பிடியேதான்னாரு.” அவள் மடியிலிருந்த பையைத் திறந்து ஒரு பழுப்பேறிய சீட்டை எடுத்து நீட்டினாள். “அப்பதான் எனக்கு இது ஞாபகம் வந்துச்சு. ஏழு வருஷம் முந்தி எங்க ஊருக் கல்யாண மண்டபத்துல கேம்ப் போட்டீங்கல்லா? நீல டப்பா குடுத்தீங்க. மறுநாள் நாங்க நெறச்சுக் குடுத்தோம்.”

சீட்டில் ஊர்ப் பெயர், தேதி, கீழே பெரிதாக ஓர் எண். ஒன்பது.

உலகம்மை அதை இரண்டு முறை பார்த்தாள். கொடுத்தவர்களின் பெயர் அவளுக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்பது விதி. ஏழு வருடம் தினமும் பார்த்துப் பார்த்து வளர்த்த ஒன்றுக்குச் சொந்தக்காரி, கஞ்சி குடித்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

“இருக்காம்மா?” என்றாள் சேர்மக்கனி.

“இருக்குக்கா. நல்லா இருக்கு.”

“அப்பன்னா குடுங்க.”

இயக்குநர் கிளமெண்ட் கெட்டவர் இல்லை. அவருடைய அப்பாவே நாசரேத்தில் நடைமாத்திரை போட்டுத்தான் காலை ஆராதனைக்கு நடந்து போகிறார். அதைச் சொல்லித்தான் அவர் பேச்சைத் தொடங்கினார்.

“அது மருந்தா அனுமதி வாங்கின பொருள் இல்ல, உலகம்மை. உயிருள்ள கூட்டம். ஒரு மனுஷிக்குள்ள விட்டு, ஏதாவது ஆயிட்டா?”

“இப்பவே ஆகிட்டுதான சார் இருக்கு.”

“இன்னொண்ணு. இங்க இருக்கிற வரைக்கும் அது நம்மளது. அவங்க வயித்துக்குள்ள போயிட்டா, எவன் வேணாலும் ஒரு டப்பாவ நீட்டி வாங்கிக்கிடலாம்.”

“ஏழு வருஷம் முன்னால நாமளும் அப்பிடித்தான சார் வாங்கினோம்?”

கிளமெண்ட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நீங்க பேசறது நியாயம்தான். ஆனா நியாயத்துக்காக மட்டும் நான் கையெழுத்துப் போட முடியாது.”

உலகம்மை வாதாடவில்லை. நேராகப் போய்ப் பழைய கோப்பை எடுத்து, முகாமில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிய ஒப்புதல் படிவத்தின் பெயர் நிரப்பாத பிரதியைப் படித்தாள். மாதிரியைத் திருப்பிக் கேட்கும் உரிமை அதில் எங்கும் இல்லை. ஆனால் நான்காம் பக்கத்தில் வேறொன்று இருந்தது. கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் தன் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம்; பெற்றால் அவர் மாதிரியையும் அதிலிருந்து வளர்ந்த அனைத்தையும் ஆய்வகம் அழித்துவிட வேண்டும்.

அதாவது, தன் வயிற்றைத் திருப்பி வாங்கச் சேர்மக்கனிக்கு உரிமை இல்லை. கொல்லச் சொல்ல உரிமை உண்டு.

இதை அவளிடம் சொல்லலாமா என்று உலகம்மை மத்தியானம் வரை யோசித்தாள். சொன்னால், ஆத்திரத்தில் ஒரு கையெழுத்து. அத்தோடு ஒன்பதாம் எண்ணும் நடைமாத்திரையும் போய்விடும். சொல்லாவிட்டால், கையெழுத்துப் போட்டவளுக்கே அவள் போட்ட கையெழுத்தின் பொருள் தெரியாமல் போகும். சாப்பாட்டு வேளைக்கு அவள் முடிவு செய்துவிட்டாள். போய்ச் சொன்னாள்.

சேர்மக்கனி கேட்டது ஒன்றுதான். “அழிச்சிட்டா அந்த மாத்திர போடுதவங்க?”

“இப்ப ஐம்பதாயிரம் பேருக்கு மேல போடுதாங்க. நின்னுரும்.”

“சரி.” வற்றிய முகத்தில் முதல் தடவையாக ஒரு குறும்பு வந்தது. “அழிக்கச் சொல்ல மாட்டேன். ஆனா, சொல்லிருவேன்னு உங்க டைரக்டர் நெனச்சுக்கிடட்டும். கபடியில கோட்டத் தொடுததுக்கு முந்தி ஒரு போக்குக் காட்டுவோம்லா, அது மாதிரி.”

அழிக்கச் சொல்லிவிடுவாளோ என்று பயந்து, கிளமெண்ட் அன்று மாலையே நெறிமுறைக் குழுவுக்கு அனுமதி கேட்டுக் கடிதம் எழுதினார். ஆனால் அவரும் லேசுப்பட்டவர் இல்லை. இரண்டு நிபந்தனைகள் வைத்தார். முதலில், ஒன்பதாம் எண் கூட்டம் சேர்மக்கனியின் வயிற்றில் பிடிக்கும் என்று கண்ணாடியில் நிரூபிக்க வேண்டும். அடுத்து, அது அவளுடையதுதான் என்பதற்கு மரபணுச் சான்று வேண்டும். உறைபெட்டியில் இருந்த ஒன்பதாம் எண்ணின் பழைய மாதிரியும் சேர்மக்கனியின் ரத்தமும் ஹைதராபாத்துக்குப் போயின. பதில் வரப் பதினொரு வாரம் ஆகும் என்றார்கள்.

பதினொரு வாரம் சேர்மக்கனி தாங்குவாளா என்பது கேள்வி. குழு கருணையோடுதான் நடந்துகொண்டது. முதல் நிபந்தனை நிறைவேறினால் போதும், சான்று பின்னால் வரட்டும் என்றது.

உலகம்மை பதிமூன்றாவதாக ஒரு ஜாடியை வைத்தாள். சேர்மக்கனியின் இப்போதைய வயிற்றில் மிஞ்சியிருந்த நலிந்த கூட்டத்தை அதில் வளர்த்தாள். பிறகு ஒன்பதாம் எண்ணிலிருந்து ஒரு பங்கை எடுத்து அதில் கலந்து, இரண்டுக்கும் பனங்கிழங்கு நார் கொடுத்தாள். முதல் நாள் ஆரவாரமாக இருந்தது. இரண்டாம் நாள் பாதியானது. நான்காம் நாள் ஒன்பதாம் எண்ணின் சுவடே இல்லை.

மறுபடி செய்தாள். அதே கதை.

“ஒட்ட மாட்டேங்குது,” என்று சேர்மக்கனியிடம் சொன்னாள். அதற்குள் சேர்மக்கனி ஆய்வகத்துக்கு எதிரே இருந்த பெண்கள் விடுதியில் ஓர் அறை எடுத்துத் தங்கிவிட்டாள். தினமும் வந்து ஜாடிகளைக் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்துவிட்டுப் போவாள்.

“ஏன் ஒட்டல? எங்கிட்ட இருந்ததுதான?”

“ஏழு வருஷமா அது நான் போட்டதத் தின்னு பழகிருச்சு. நான் போடுதது கிழங்கு இல்லக்கா. கிழங்குல இருந்து பிரிச்சு எடுத்த சுத்தமான நார். மாவு மாதிரி இருக்கும்.”

“மாவா?” சேர்மக்கனி முகத்தைச் சுளித்தாள். “கிழங்க எவளாவது மாவாக்கித் திம்பாளா? மஞ்சளும் உப்பும் போட்டு அவிச்சு, நார உரிச்சுப் போட்டுட்டு, கடவாப்பல்லுல வச்சு நறநறன்னு மெல்லணும். எவ்வளவு மென்னாலும் சக்கை சக்கையாத்தான் உள்ள போகும்.”

உலகம்மை எழுந்து நின்றுகொண்டாள். 

“என்னம்மா?”

“பிடிமானம்,” என்றாள் உலகம்மை. “சின்னச் சின்னச் சக்கை. அது மேல ஏறி உக்காந்துதான் அதுக கூட்டமா இருக்கும். ஒட்டுத எடத்துல ஒண்ணுக்கொண்ணு தொணையா நின்னு, வேற எதையும் கிட்ட விடாது. என் ஜாடியில வேற எதிரியே இல்ல, அதனால மாவு போதுமா இருந்துச்சு. வயிறுன்னா அப்பிடியா? நான் அதுகளுக்குச் சாப்பாடு போட்டேனே தவிர, உக்கார எடம் குடுக்கல.”

மறுநாள் சந்தையிலிருந்து பனங்கிழங்கு வந்தது. அவித்ததை அரைக்கும் இயந்திரத்தில் போட்டால் ஒன்று மாவானது, இல்லையென்றால் குச்சியாக நின்றது. பல்லுக்கு ஈடாக எதுவும் ஆய்வகத்தில் இல்லை. கடைசியில் சேர்மக்கனியே ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கிழங்கைக் கடித்து, முப்பது எண்ணிக்கை மென்று, விழுங்காமல் பீக்கரில் துப்பினாள். ஏழு மாதம் கழித்து வாயில் பட்ட கிழங்கின் ருசி. கண்ணில் தண்ணீர் வந்தது, அதோடு சிரித்தாள்.

“டிரைனிங்ல பிள்ளைகளத்தான் துப்பாதன்னு திட்டுவேன். இங்க துப்பச் சொல்லிப் பாராட்டுதீங்க.”

மென்ற சக்கை இரைப்பைக் குடுவையில் அமிலத்தில் ஊறி, குழாயில் பித்தநீரோடு இறங்கி, பதிமூன்றாவது ஜாடிக்குப் போனது; கூடவே ஒன்பதாம் எண்ணிலிருந்து மறுபடி ஒரு பங்கும். நான்காம் நாள் உலகம்மை ஒரு துளியை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தாள். ஒவ்வொரு சக்கைத் துணுக்கின் மேலும் திருவிழாக் கூட்டம். எட்டாம் நாள், அந்தக் கசப்புப் பொருள் மாறத் தொடங்கியது. பன்னிரண்டாம் நாள், பதிமூன்றாவது ஜாடி ஒன்பதைவிட அதிகமாக வேலை செய்தது. இத்தனை வருடம் தான் அரைவயிற்றுக்குத்தான் போட்டுக்கொண்டிருந்திருக்கிறோம் என்று உலகம்மைக்கு அப்போதுதான் உறைத்தது.

குழு அனுமதி கொடுத்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை, டாக்டர் முன்னிலையில், சேர்மக்கனி அந்த நுண்ணுயிர்க் கூட்டத்தை அடைத்த பதினொரு கூட்டுமாத்திரைகளை ஒவ்வொன்றாக விழுங்கினாள். மேலே ஒரு துண்டு கிழங்கை மென்று தின்றாள். இந்தத் தடவை துப்பவில்லை.

முதல் வாரம் வயிறு கொந்தளித்தது. இரண்டாம் வாரம் அடங்கியது. மூன்றாம் வாரம் இட்லி. நாலாம் வாரம் விடுதிச் சமையற்காரியே ஓடிவந்து உலகம்மையிடம் சொன்னாள், அந்த அம்மா இரண்டாம் தடவை சாம்பார் வாங்கினாள் என்று. ஏழாம் வாரம் சேர்மக்கனி ஊருக்குப் போய் மைதானத்தில் நின்றாள். ஒன்பதாம் வாரம் அவள் அனுப்பிய காணொளியில், ஒரு மாணவி அவள் காலைப் பிடித்து இழுக்கிறாள், சேர்மக்கனி அசையவில்லை.

சொன்ன தவணை தாண்டி, பதினோராம் வாரம்தான் ஹைதராபாத்திலிருந்து பதில் வந்தது. உலகம்மை அதைத் திறந்து படித்தாள். ஒரே பக்கம்தான். பழைய மாதிரியைக் கொடுத்தவரும் ரத்தம் கொடுத்தவரும் வெவ்வேறு நபர்கள்.

அவள் உறைபெட்டியைத் திறந்து, அந்த முகாமிலிருந்து வந்து மிஞ்சியிருந்த எல்லாத் துளிகளையும் சேர்மக்கனியின் ரத்தத்தோடு தானே ஒப்பிட்டாள். சேர்மக்கனியுடையது கிடைத்தது. அது பத்தாம் எண். அந்த ஜாடியை ஆறு மாதத்தில் பயனில்லை என்று நிறுத்தியிருந்தார்கள். குறிப்பேட்டில் நிறுத்தியவர் கையெழுத்து அவளுடையதுதான். கொதிநீர் ஊற்றி, கழுவி, ஜாடியை அடுத்ததற்கு எடுத்துக்கொண்டதாக எழுதியிருந்தாள். ஒரு மனுஷியின் வயிற்றை அவள்தான் தொட்டியில் கொட்டியிருக்கிறாள். உறைபெட்டியில் இருந்த துளியில் உயிர் இல்லை.

கிளமெண்டுக்கு அது நல்ல செய்தியாகப் பட்டது. “அப்போ அவங்களுக்கு அழிக்கச் சொல்ற உரிமையே இல்ல. அவங்களும் குணமாயிட்டாங்க. இதை இத்தோட விட்டுரலாமே?”

“ஒன்பதாம் எண்ணக் குடுத்தவங்க யாரோ இருக்காங்க சார். அவங்க படிவத்துலயும் நாலாம் பக்கம் இருக்கு.”

“தேடிப் போய்ச் சொல்லி வம்ப வாங்கணுமா?”

“போய்ச் சொல்லுவோம் சார். கோவப்பட்டா உக்காந்து பேசுவோம். சேர்மக்கனி அக்கா விஷயத்துல பேசித்தான தீந்துச்சு?” உலகம்மை குரலை உயர்த்தவில்லை. “அதோட, இனிமே எந்த ஜாடிய நிறுத்தினாலும், கொடுத்தவங்களுக்குன்னு ஒரு பங்க உயிரோட எடுத்து வைக்கணும். அதுக்குக் கையெழுத்துப் போடுங்க. அடுத்து ஒருத்தர் வந்து கேட்டா, கொட்டிட்டோம்னு என்னால சொல்ல முடியாது.”

அவள் நீட்டிய தாளை அவர் வாங்கிப் படித்தார். கையெழுத்துப் போட்டார்.

உலகம்மை வேப்பங்காட்டுவிளைக்கே போனாள். பள்ளி மைதானத்தின் ஓரத்தில், வேம்பு நிழலில் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். தொட்டியில் கொட்டியது தான் என்பதையும் சேர்த்து.

சேர்மக்கனி முதலில் கேட்டது வேறு. “என்னோடதுல என்ன கொற?”

“கொற ஒண்ணும் இல்லக்கா. நாங்க தேடினது அதுல இல்ல. அவ்வளவுதான். உங்களுக்கு அது போதுமா இருந்துச்சு. அத நாங்க பாக்கல.”

சேர்மக்கனி தலையை ஆட்டினாள். மைதானத்தில் பிள்ளைகள் மூச்சுப் பிடித்துப் பாடிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று அவள் திரும்பினாள்.

“நான் பத்தாம் நம்பர்ன்னா, ஒம்பதாம் நம்பர் யாருன்னு எனக்குத் தெரியும்.”

“எப்பிடிக்கா?”

“அன்னைக்கு வரிசையில என் முறை வந்தப்ப, எனக்குப் பின்னால நின்னவ என்னய இடிச்சுட்டு முன்னால போய் அவ டப்பாவ வச்சுட்டா. ஒம்பதுன்னு போட்ட சீட்ட எனக்குக் குடுத்துட்டாங்க, ஒம்பதாப் போன டப்பா அவளோடது; என்னோடது அடுத்ததாப் போயிருக்கு. நானும் ஒண்ணும் கேக்கல. ஏன்னா நாங்க பேசிக்கிட மாட்டோம்.” சேர்மக்கனி விசிலைக் கையில் வைத்து உருட்டினாள். “பூரணம். எங்க வீட்டுக்காரரு கூடப் பொறந்தவ. நடுச்சுவரு எழுப்புனதுல வந்த சண்ட. அவரு செத்த அன்னைக்குக்கூட நாங்க பேசல. பதினொரு வருஷமாச்சு.”

பிறகு அவள் தன் வயிற்றைக் குனிந்து பார்த்தாள். “அவளா இங்கன இருக்கா?” என்றாள். வந்தது சிரிப்பா வேறு ஏதாவதா என்று உலகம்மைக்குப் பிடிபடவில்லை.

பூரணத்தின் வீடு சுவருக்கு அந்தப் பக்கம். சேர்மக்கனி கூட வந்தாள்; ஆனால் வாசலுக்கு வெளியே, தெருவிலேயே நின்றுவிட்டாள். உலகம்மை மட்டும் உள்ளே போனாள். பூரணம் தையல் இயந்திரத்தின் முன்னால், கழுத்தில் அளவு நாடாவோடு உட்கார்ந்திருந்தாள். குட்டையான, கறாரான பெண். உலகம்மை படிவத்தை விரித்து, நான்காம் பக்கத்தை வரிவரியாகப் படித்துக் காட்டி, பதினொரு கூட்டுமாத்திரை வரை நடந்ததைச் சொன்னாள்.

பூரணம் துணியிலிருந்து ஊசியை எடுக்கவே இல்லை. “நான் அழிக்கச் சொன்னா, அவளுக்குள்ள இருக்கதும் போயிருமா?”

“இல்லம்மா. அவங்க வயித்துல இருக்கிறது இனி அவங்களோடது. யாரும் தொட முடியாது.”

“மாத்திர போடுதவங்களுக்கு மட்டும் நின்னுரும்.”

“ஆமா.”

“அப்பம் அது பாட்டுக்கு இருக்கட்டும். ஆனா ஒருநாள் வந்து பாப்பேன். எந்நேரம் வந்தாலும் காட்டணும். அத எழுதிக் குடுங்க.”

“எழுதித் தாரேன்.”

“இப்ப அவ என்ன திங்கா?”

“எல்லாம். கருவாட்டுக் கொழம்பு வரைக்கும்.”

பூரணம் நாடாவைக் கழுத்திலிருந்து உருவி இயந்திரத்தின் மேல் வைத்தாள். எழுந்து வாசல்வரை வந்தாள். தெருவில் நின்ற உயரமான உருவத்தை மேலும் கீழும் பார்த்தாள். அவள் பேசியது உலகம்மையிடம். சத்தம் மட்டும் தெருவுக்குக் கேட்டது.

“எனக்குள்ள கெடந்தது அவளுக்குள்ள போய் மூணு மாசம் ஆச்சு. வீட்டுக்குள்ள வரதுக்கு மட்டும் என்னவாம்?”

சேர்மக்கனி குனிந்து செருப்பைக் கழற்றினாள்.